சுவரில் எழுத்து, கையில் மை

2020 மார்ச் 16ஆம் தேதி மகாராஷ்டிர அரசு ஒரு முடிவெடுத்தது. கொரோனா சந்தேகத்தின் பேரில் வீட்டுத் தனிமைக்கு அனுப்பப்படுகிறவர்களின் இடது புறங்கையில் முத்திரை குத்த வேண்டும். மும்பை விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். மும்பைக்காரர்களைக் காப்பதில் பெருமை என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி, வீட்டுத் தனிமை என்ற அறிவிப்பு, எந்தத் தேதி வரை என்ற கணக்கு, இவ்வளவும் அந்த முத்திரையில் இருந்தன. சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடக் கூடாதே! அதனால் வாக்குச்சாவடியில் விரலில் வைக்கிற அழியா மையையே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். மார்ச் கடைசியில் தேர்தல் ஆணையமும் அதற்கு முறைப்படி அனுமதி கொடுத்தது.

முத்திரை வந்த இரண்டாம் நாளே, மும்பையிலிருந்து குஜராத் பக்கம் போன கரீப் ரத் ரயிலில் கையில் அந்த மையோடு நான்கு பேர் இருப்பதைச் சக பயணிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பால்கர் நிலையத்தில் வண்டியை நிறுத்தி நால்வரையும் இறக்கினார்கள். போலீஸ் கேட்பதற்கு முன்பே பக்கத்து இருக்கைக்காரர் கேட்கத் தொடங்கியிருந்தார்.

இதே நகரம் இதற்கு முன்பும் அடையாளம் போட்டுப் பழகிய நகரம்தான். 1897இல் அந்த அடையாளம் கையில் விழவில்லை, வீட்டுச் சுவரில் விழுந்தது. யு.எச்.எச். என்று மூன்று ஆங்கில எழுத்துகள். மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற வீடு என்பது அதன் விரிவு. அந்த எழுத்து விழுந்த வீட்டுக்காரர் சாமான்களை வாரிக்கொண்டு வெளியேற வேண்டும். எங்கே போவது என்பதை எழுத்து சொல்லாது.

சுவரில் விழுந்த எழுத்துக்கும் கையில் வைத்த மைக்கும் நடுவில் 123 ஆண்டுகள். இரண்டுக்கும் அதிகாரம் கொடுத்த சட்டம் ஒன்றே.

கதை பம்பாயின் மாண்ட்வியில் தொடங்குகிறது. துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பேட்டையில் தானியக் கிடங்குகளும் அவற்றை ஒட்டி இருட்டறைக் குடியிருப்புகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. 1896 செப்டம்பரில் அங்கே அக்காசியோ வியேகாஸ் என்ற கோவா மருத்துவர் தன் நோயாளிகளிடம் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டி, காய்ச்சல் ஏறி, ஓரிரு நாளில் உயிர் போவதைக் கவனித்தார். இது பிளேக் என்று செப்டம்பர் 23ஆம் தேதி வெளிப்படையாகச் சொன்னார். அவர் சிலை இன்றும் தோபி தலாவில், மெட்ரோ திரையரங்கு அருகே நிற்கிறது.

அக்டோபர் 6ஆம் தேதி நகராட்சி ஆணையர் ஸ்னோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், நோயாளியைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். அந்த மருத்துவமனை ஆர்தர் ரோட்டில் இருந்தது. உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. பிளேக்குக்கு மருந்து இல்லாத காலம் அது. ஆனால் வெளியே நின்று பார்த்தவர்களுக்கு வேறு கணக்கு ஓடியது. நோயாளியின் உடம்பிலிருந்து தைலம் வடிக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதே மாதத்தில் யாரோ விக்டோரியா ராணியின் சிலைக்குத் தார் பூசியிருந்தார்கள். அந்தக் கோபம் தீர ராணி ஈரல் கேட்டிருக்கிறாள் என்றும் கதை கட்டினார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். அறிவிப்பை எதிர்த்து மனு எழுதியவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

அக்டோபர் 29ஆம் தேதி சுமார் ஆயிரம் மில் தொழிலாளர்கள் திரண்டுபோய் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். மறுநாளே ஸ்னோ அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். கல்லெறிக்கு மட்டும் அவர் பயப்படவில்லை. அவர் உண்மையில் அஞ்சியது ஹலால்கோர்கள் என்று அழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி. அவர்கள் மிரண்டு ஊரைவிட்டுப் போனால் பம்பாயின் மலக்கூடைகளைத் தூக்க ஆள் இருக்காது. நகரம் ஒரே வாரத்தில் நாறிவிடும். ராணியின் பெயரால் ஆண்ட நிர்வாகம், நகரின் கடைசிப் படியில் நின்ற மனிதர்களின் கால்களைப் பார்த்து நடுங்கியது.

ஆனாலும் கால்கள் கிளம்பிவிட்டன. 1897 தொடக்கத்துக்குள் நகர மக்களில் பாதிக்கு நெருக்கமானோர் ரயிலிலும் படகிலும் நடந்தும் வெளியேறிவிட்டார்கள். 1891 கணக்கெடுப்பில் பம்பாயின் மக்கள் தொகை 8,21,764. பத்தாண்டு கழித்து 7,76,006. வளர்ந்துகொண்டே வந்த நகரம் அந்தப் பத்தாண்டில் சுருங்கியது.

வெளியேறியவர்களோடு நோயும் வெளியேறும் என்று ஐரோப்பிய நாடுகள் பதறின. இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் சரக்கைத் தடுப்போம் என்ற பேச்சு எழுந்தது. பஞ்சும் தானியமும் தேங்கினால் பேரரசின் கல்லாப்பெட்டி தேங்கிவிடும். கல்கத்தாவில் 1897 ஜனவரி 28ஆம் தேதி ஒரு மசோதா வைக்கப்பட்டது. பிப்ரவரி 4ஆம் தேதி அது சட்டமாகிவிட்டது. ஒரே வாரம். அதுதான் தொற்றுநோய்கள் சட்டம், 1897.

அதைப் படித்து முடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அன்றைய வடிவில் மொத்தம் நான்கே பிரிவுகள். முதல் பிரிவு பெயரும் எல்லையும். இரண்டாவது, வழக்கமான சட்டங்கள் போதவில்லை என்று அரசு நினைத்தால் தேவையென்று படும் எந்த நடவடிக்கையும் எடுக்கலாம், பயணிகளைச் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம் என்கிறது. மூன்றாவது, மீறினால் இந்திய தண்டனைச் சட்டம் 188இன்படி தண்டனை. நான்காவது, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குப் போட முடியாது. ஆபத்தான தொற்றுநோய் என்றால் எது என்று சட்டத்தில் விளக்கம் இல்லை. எத்தனை நாள் பிரித்து வைக்கலாம், யாரிடம் முறையிடலாம், இடித்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது, இவற்றில் ஒன்றுக்கும் அதில் வரி இல்லை.

சட்டம் கைக்கு வந்ததும் மார்ச் மாதம் பம்பாயில் ராணுவத் தளபதி கேட்டேக்கர் தலைமையில் பிளேக் கமிட்டி அமைந்தது. தேடுதல் குழுக்கள் விடியற்காலையில் தெருவுக்குள் இறங்கின. கமிட்டி எடுக்கவைத்த புகைப்படங்கள் இப்போதும் காணக் கிடைக்கின்றன. ஒன்றில் இயந்திரக் குழாயால் குடியிருப்புக்குள் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர், வெளிச்சம் விழுவதற்காகப் பிரித்தெடுத்த ஓட்டுக்கூரை, தெருவில் குவிந்த பாயும் பாத்திரமும் என்று மற்றவை. ரயில் நிலையங்களில் பயணிகளை வரிசையாக நிறுத்தி அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்த்தார்கள். ஆண் மருத்துவர்கள் பெண்களையும் அப்படிச் சோதித்தது எந்தச் சாதியாலும் எந்த மதத்தாலும் பொறுக்க முடியாததாக இருந்தது.

மெட்ராஸ் ராஜதானி இன்னொரு வழி கண்டுபிடித்தது. நோய் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவருக்கு ஒரு சீட்டு. பெயர் பிளேக் பாஸ்போர்ட். அதை வாங்கியவர் தான் போய்ச் சேர்ந்த ஊரில் குறிப்பிட்ட நாட்கள் அதிகாரி முன்னால் போய் நின்று உடம்பைக் காட்ட வேண்டும். சொந்த ஊருக்கு வந்தவன் தினமும் தன் நலத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது.

பூனாவில் நடந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பிளேக் கமிஷனர் ராண்டின் சிப்பாய்கள் வீடு புகுந்த விதம் ஊரைக் கொதிக்க வைத்தது. 1897 ஜூன் 22, விக்டோரியா ராணியின் வைர விழா இரவு, சாபேகர் சகோதரர்களின் குண்டுகள் ராண்டையும் லெப்டினன்ட் அயர்ஸ்டையும் வீழ்த்தின. தாமோதர் சாபேகர் அடுத்த ஆண்டு தூக்கில் போடப்பட்டார். தன் பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகருக்கு ராஜத் துரோகக் குற்றத்தில் 18 மாதச் சிறை கிடைத்தது. வீட்டுக்குள் நோயாளியைத் தேடிய அதிகாரம் ஆறு மாதத்தில் பத்திரிகை அலுவலகத்துக்குள் ராஜத் துரோகத்தைத் தேடியது.

பம்பாயின் முறை 1898 மார்ச் 9இல் வந்தது. நகரின் வடக்கில் முஸ்லிம் நெசவாளர்கள் வாழ்ந்த பகுதியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுபோகத் தேடுதல் குழு வந்தது. வீட்டார் மறுத்தார்கள். கூட்டம் கூடியது, கல் பறந்தது, துப்பாக்கி சுட்டது, ராணுவம் இறங்கியது. அடுத்த நாட்களில் துறைமுகக் கூலிகளும் வண்டிக்காரர்களும் வேலைக்கு வரவில்லை. சரக்குகள் அசையாமல் கிடந்தன. எந்த வணிகத்தைக் காக்கச் சட்டம் வந்ததோ அந்த வணிகத்தையே சட்டத்தின் அமலாக்கம் முடக்கிவிட்டது. கட்டாயத்தை அரசு அதன்பின் மெல்ல மெல்லக் கைவிட்டது.

கைவிடாமல் இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அதே 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயைச் சுமப்பது எலியின் தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாண்டு ஆகும் முன் பரேல் ஆய்வகத்தில் நடந்த சோதனைகள் அதை உறுதி செய்தன. சுவருக்குச் சுண்ணாம்பு, கூரைக்கு ஓட்டை, நோயாளிக்குக் காவல் என்று அரசு ஓடிக்கொண்டிருந்த வேளையில் எலி தன் பாட்டுக்குச் சுவரேறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் வேலை செய்தவை வேறு சில. சாதிக்கும் ஜமாத்துக்கும் தனி மருத்துவமனை நடத்திக்கொள்ள கேட்டேக்கர் அனுமதி கொடுத்தார். தங்கள் சமையல், தங்கள் பிரார்த்தனை, வாசலில் உட்கார உறவினருக்கு இடம் என்றானதும் நோயாளியை ஒளிக்கும் பழக்கம் குறைந்தது. ரஷ்யப் பேரரசில் பிறந்த வால்டெமார் ஹாஃப்கின், கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஒரு சிறிய அறையில் தடுப்பூசி தயாரித்து 1897 ஜனவரி 10ஆம் தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். கோஜா முஸ்லிம்களின் தலைவரான இளம் ஆகா கான், தன் மக்கள் பார்க்கும்படி மீண்டும் மீண்டும் ஊசி போட்டுக்கொண்டு அவர்களையும் போட வைத்தார். பரேலில் ஹாஃப்கின் பெயரில் இன்றும் நிறுவனம் இருக்கிறது.

பிளேக் பம்பாயின் தரைப்படத்தையும் மாற்றி வரைந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாததுதான் நோய்க்குக் காரணம் என்று நம்பிய அரசு 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை உண்டாக்கியது. பழைய நகரத்தை வெட்டி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பிரின்ஸஸ் ஸ்ட்ரீட், இன்றைய முகம்மது அலி ரோடு ஆகியவற்றை டிரஸ்ட் போட்டது. இடித்த அளவுக்கு அது கட்டவில்லை என்ற குற்றச்சாட்டு கடைசி வரை தீரவில்லை. வடக்கே தாதர், மாதுங்கா, சயான் பக்கத்து வயல்களையும் தோப்புகளையும் கையகப்படுத்தி மனை பிரித்தது.

தமிழர்கள் இந்தக் கதைக்குள் நுழையும் வாசல் அதுதான். நேரான சாலை, வட்டமான கிங்ஸ் சர்க்கிள், மரம் வைத்த நடைபாதை என்று வரைந்த மாதுங்காவில் 1920களிலும் 30களிலும் அடுக்குமாடிகள் எழுந்தன. ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் தெரிந்து, ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். ஆஸ்திக சமாஜம் வந்தது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. அந்தக் குடியிருப்புகளில் அன்றைக்குப் புதுமையாக இருந்தது கழிப்பறை. சால் என்று பம்பாய் சொல்லும் வரிசை வீடுகளில் அது தாழ்வாரத்துக் கடைசியில் பொதுவாக இருக்கும். மாதுங்காவில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அங்கிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. மாஹிம் உப்பங்கழியின் கரையில் கோலி மீனவர்களின் கிராமமாக இருந்த இடம். நாற்றமடிக்கும் தொழில்கள் நகருக்குள் வேண்டாம் என்று அரசு ஓரத்துக்கு ஒதுக்க, தோல் பதனிடும் பட்டறைகள் அங்கே பெருகின. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் அந்தப் பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சதுப்பைக் குப்பையாலும் மண்ணாலும் தாங்களே நிரப்பி அதன்மேல் வீடு கட்டினார்கள். இங்கே டிரஸ்டின் கோடு எதுவும் விழவில்லை. ஒரே அரசின் ஒரே சுகாதாரக் கவலை ஒரு பக்கம் மாதுங்காவை வரைந்தது. மறுபக்கம் தாராவியை வரையாமல் விட்டது.

நடுவில் 1918இன் விஷக்காய்ச்சல் வந்தது. அதை உலகம் ஸ்பானிஷ் காய்ச்சல் என்றது; இந்தியாவில் பலர் பம்பாய்க் காய்ச்சல் என்றார்கள். பிளேக் காலத்தில் சூடுகண்ட அரசு இம்முறை யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. தட்டி உதவவும் இல்லை. அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் நகரத்தில் 768 பேர் இறந்தார்கள். மருந்தும் பாலும் கொண்டு வீடுவீடாகப் போனது தொண்டர் சங்கங்கள்தான். அதிகாரம் விலகி நிற்பதாலேயே மக்களுக்கு விடுதலை வந்துவிடாது என்பதற்கும் பம்பாயிலேயே சாட்சி கிடைத்தது.

2020 மார்ச் 13ஆம் தேதி மகாராஷ்டிரம் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தை மறுபடியும் கையில் எடுத்தது. ஆர்தர் ரோட்டில் மில் தொழிலாளர்கள் தாக்கிய அந்தத் தொற்றுநோய் மருத்துவமனை இப்போது கஸ்தூர்பா மருத்துவமனை. நகரத்தின் முதல் கொரோனா நோயாளிகளைக் கொண்டுபோனது அங்கேதான். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மகாராஷ்டிரப் போலீஸ் 188ஆம் பிரிவில் போட்ட வழக்குகள் இரண்டு மாதத்துக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் தொற்று உறுதியானது. அந்த நோயாளி அன்றே இறந்தார். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த இடத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். நைன்டி ஃபீட் ரோட்டில் போலீஸ் தடுப்பு, வானத்தில் டிரோன்.

வீட்டிலேயே இருங்கள் என்ற உத்தரவு மாதுங்காவுக்கும் தாராவிக்கும் ஒரே வாசகத்தில்தான் வந்தது. தாராவியில் வீடு என்பது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை. மேலே பலகை போட்ட பரண், அதற்கு ஏறச் செங்குத்தான இரும்பு ஏணி. பட்டறை ஓடும் நாளில் ஆண்கள் வெளியே இருப்பார்கள். முறை வைத்துத் தூங்கினால் அறை எல்லோருக்கும் போதும். பட்டறை மூடியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். கழிப்பறை தெருமுனையில். விடியும் முன்பே வாளியோடு வரிசை. அந்த வரிசைக்குப் போகிறவர் ஊரடங்கை மீறுகிறவரா இல்லையா என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை.

முதலில் தாராவி அடங்கிய ஜி நார்த் வார்டின் மாநகராட்சி அதிகாரிகளும் காவலையும் தடுப்பையும்தான் நம்பினார்கள். விரைவிலேயே வழி மாறியது. உள்ளூரில் கிளினிக் வைத்திருந்த தனியார் மருத்துவர்கள், பாதுகாப்பு உடை அணிந்து சந்துசந்தாகப் போனார்கள். அவர்களை அந்த மக்களுக்குத் தெரியும். பிள்ளைக்குச் சளி என்றால் பத்து வருடமாக ஊசி போட்டவர்கள். காய்ச்சல் முகாம்கள் திறந்தார்கள். பள்ளிக்கூடங்களும் திருமண மண்டபங்களும் தனிமை மையங்களாயின, அங்கே சாப்பாடு கிடைத்தது. பொதுக் கழிப்பறைகளை ஒரு நாளில் பலமுறை கழுவினார்கள். கழுவியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்னோ அஞ்சிய அதே மனிதர்களின் வாரிசுகள். மத்திய சுகாதார அமைச்சகக் கணக்குப்படி ஏப்ரலில் 12 சதவீதமாக இருந்த தொற்றின் வளர்ச்சி ஜூனில் 1.02 சதவீதமாக இறங்கியது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

பாராட்டோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே ஜூலையில் மாதுங்கா, செம்பூர், தஹிசர் ஆகிய மூன்று வார்டுகளில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் ரத்த மாதிரிகள் எடுத்து ஆராய்ந்தன. குடிசைப் பகுதிகளில் சுமார் 57 சதவீதம் பேருக்குத் தொற்று ஏற்கெனவே வந்துபோயிருந்தது. மற்றக் குடியிருப்புகளில் 16 சதவீதம். ஒரே செம்பூர், ஒரே ஊரடங்கு. வாசல் கதவுக்கு உள்ளே கழிப்பறை உள்ளவருக்கு ஒரு விளைவு, தெருமுனையில் உள்ளவருக்கு வேறு விளைவு.

கூலி நின்றதும் 1897இல் போலவே கால்கள் கிளம்பின. ஏப்ரல் 14ஆம் தேதி, தாராவிக்குப் பக்கத்தில் உள்ள பாந்த்ரா நிலையத்தின் வெளியே ஊருக்குப் போக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூடினார்கள். ரயில் வரவில்லை, லத்தி வந்தது. மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியபோது தாராவி, செம்பூர்த் தமிழர்களும் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் திரும்பினார்கள். கையில் இ-பாஸ் வேண்டும். மாவட்ட எல்லையில் சளி மாதிரி எடுத்து, பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ தங்க வைத்தார்கள். பாட்டன் காலத்து பிளேக் பாஸ்போர்ட் பேரன் காலத்தில் செல்பேசிக்குள் வந்திருந்தது. பம்பாய்க்காரர் கொண்டுவரும் பணத்துக்காகக் கொடைவிழாவில் காத்திருந்த ஊர்கள், அந்த மே மாதம் பம்பாய்க்காரர் என்ற சொல்லைக் கேட்டதும் கதவைச் சாத்தின.

அந்தத் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் சாத்தான்குளம். 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கு நேரம் கடந்தும் செல்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கொண்டுபோனது. அடுத்த சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. சிபிஐ, போலீஸ்காரர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. தொற்றுநோய்ச் சட்டம் அடிக்கச் சொல்லவில்லை. கடையை மூடும் நேரத்தையே ஒரு குற்றமாக்கி, அதைத் தெருவில் தீர்மானிக்கும் உரிமையைக் காவல் நிலையத்துக்குக் கொடுத்திருந்தது. 2021 பிப்ரவரியில் கடையநல்லூரில் பேசிய அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் பத்து லட்சம் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார். பத்து லட்சம் பேர் குற்றவாளிகள் என்று எழுதிய பேனாவே அடித்தும் போட்டது.

கொரோனா நடுவே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. 2020 ஏப்ரலில் அவசரச் சட்டமாகவும் செப்டம்பரில் நாடாளுமன்றச் சட்டமாகவும் வந்த அந்தத் திருத்தம், சுகாதார ஊழியரைத் தாக்குவோருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்றது. தாக்கப்பட்ட மருத்துவர்களும் செவிலியரும் இருந்தார்கள். அந்தப் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைதான். ஆனால் சட்டப் புத்தகத்தை அவ்வளவு தூரம் திறந்தவர்கள், குடிமகனுக்காக ஒரு வரியும் சேர்க்காமல் மூடிவிட்டார்கள்.

அந்த வரியைத் தேடி மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 ஆகஸ்ட் 15 முதல் மும்பை மின்சார ரயிலில் இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கே இடம் என்றிருந்தது. ரயில் இல்லாவிட்டால் மும்பையில் கூலி வேலை இல்லை. உத்தரவு பிறந்த நடைமுறையே சரியில்லை என்று 2022 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் கண்டித்தது. 2022 மே 2ஆம் தேதி, ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, தன் உடம்பின் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். பொது நலனுக்காகச் சில கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை ஆபத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்றும் சொன்னது. 1897இல் அக்குளைக் காட்டச் சொன்னபோது கேட்க முடியாத கேள்விக்குக் கிடைத்த பதில் அது. பதில் வந்தபோது அலைகள் ஓய்ந்திருந்தன.

2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 286ஆவது அறிக்கையில் இந்தச் சட்டத்தில் பெரிய குறைகள் இருக்கின்றன, விரிவான புதிய சட்டமோ தக்க திருத்தமோ வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதுச் சேதி அல்ல. மெட்ராஸ் ராஜதானி 1939இலேயே தனிப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. அதில் அரசுக்கு அதிகாரம் மட்டுமல்ல, குடிநீர், வடிகால், கழிப்பிடம் பற்றிய கடமைகளும் எழுதப்பட்டிருக்கின்றன.

என்றாவது ஒரு நாள் புதிய மசோதா வரும். பெரும்பாலும் அவசரத்தில், ஏதோ ஒரு நோய்க்குப் பயந்து, 1897இல் போல ஒரு வாரத்தில் வரும். வரும்போது அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரித்து வைப்பதற்கும் ஊரடங்குக்கும் முடிவுத் தேதி உண்டா? தடுத்து வைக்கப்பட்டவர் சில நாட்களுக்குள் முறையிட ஓர் அதிகாரி உண்டா? வேலைக்குப் போகாதே என்று சொல்லும் அரசு, அந்த நாட்களின் சாப்பாட்டுக்கும் கூலிக்கும் பொறுப்பேற்கிறதா? இல்லையென்றால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள். தாராவியில் இருப்பவர் தமிழிலேயே எழுதலாம்.